எட்டடி வழி

சத்தம் கேட்கிறதா தம்பி? அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறையுங்கள். இப்போது கேளுங்கள். கடகடவென்று வந்து, ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி கடகட. அந்த இழுப்பு இருக்கிறதே, அது சேற்றில் திரும்புகிற சத்தம். உங்கள் வண்டிதான், தெரியும். ஆத்தூரிலிருந்து லாரியில் ஏற்றி வந்து இறக்கியவர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்தச் சத்தம் வருகிற இடம் தப்பு.

அறுப்பு மிஷின் இந்த ஊருக்கு வந்த நாளாக, முதல் சத்தம் என் வயலில்தான் கேட்கும். இதோ, ரோட்டோரமாக நிற்கிறதே, இது என்னுடையது. ஆறு மா. உங்கள் பக்கம் மா கணக்கு கிடையாது இல்லையா, இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பின்னால் ஐந்து மா. இப்போது சத்தம் வருகிறதே, அது. பின்வயலுக்கு வழி கிடையாது. முன்வயல் அறுத்தால்தான் அதற்குள் வண்டி போகமுடியும். முன்வயல்காரன் அறுத்து வழி விடுவான், பின்வயல்காரன் அதுவரை காத்திருப்பான். இதற்கு எழுத்து கிடையாது, பத்திரம் கிடையாது. நடவுகூட அப்படித்தான். நான் நட்டு இரண்டு நாள் கழித்துத்தான் பின்னால் நடுவார்கள். கதிரும் அந்த வரிசையில்தான் பழுக்கும்.

இந்த வருஷம் பின்னால் அறுபடுகிறது. முன்னால் நிற்கிறது.

நானா? மூலை அறுக்கிறேன். எந்த மிஷின் வந்தாலும் மூலையைக் கையால்தான் அறுத்துக் கொடுக்கவேண்டும், வண்டி இறங்கித் திரும்புவதற்கு. எந்த மிஷின் வந்தாலும் சரி. உட்காருங்கள் தம்பி, அந்த மதகுக்கட்டையில் உட்காருங்கள், ஈரமில்லை. அந்தப் பக்கம் மண்ரோடு லாரியைத் தாங்காது என்றுதானே இங்கே நிறுத்தியிருக்கிறீர்கள். வண்டி முடித்துக்கொண்டு வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்.

என்ன கேட்டீர்கள்? என் வயலையும் அறுத்துவிட்டுப் போகட்டுமா என்றா? பார்க்கலாம். மழை நாளை மறுநாள் என்றுதானே சொல்கிறான். பார்க்கலாம்.

நான் ஏன் யோசிக்கிறேன் என்றால், தம்பி, உங்களுடையது செயின் வண்டி. குறை சொல்லவில்லை. ஈர வயலில் டயர் வண்டி புதைந்துபோகும், செயின் வண்டிதான் இறங்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் அது அறுத்துவிட்டுப் போனபிறகு வயலைப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவீர்கள். முழங்கால் பள்ளமாக இரண்டு கோடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் என் வயலை உழுது வைத்துவிட்டுப் போனான் ஒருத்தன். சமன் பண்ண ஒரு கோடை முழுக்க ஆயிற்று. அதனால்தான் பெரிய வண்டி வருகிறது என்று கேட்டபோது காதைக் கொடுத்தேன். ஆசைப்பட்டு இல்லை.

பெரிய வண்டி தெரியுமில்லையா? நீங்கள் ஊர் ஊராகப் போகிறவர், உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா.

போன வருஷம் மார்கழிக் கடைசியில் சிங்காரவேலு சொன்னான். அவன்தான் இந்தப் பக்கத்துக்கு மிஷின் ஏஜெண்ட். "அண்ணே, புதுசா ஒரு வண்டி எறங்கியிருக்கு. மணிக்கு மூணு ஏக்கர். சேத்துல புதையாது, மெதக்கும்." அவ்வளவுதான் சொன்னான். நான் ரைஸ்மில்லில் சொல்லும்போது நான்கு ஏக்கர் என்றேன். ஒன்று கூட்டினால் பொய்யா? வண்டி புதிது, ஆள் கை பழகினால் நான்கு அறுக்காதா? பொங்கலுக்குள் டீக்கடையில் ஒருத்தன் என்னிடமே வந்து சொல்கிறான், மணிக்கு எட்டு ஏக்கராம், அறுக்கும்போதே ஈரத்தை உறிஞ்சிக் காயவைத்து விடுகிறதாம், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற வேலையே இல்லையாம். டீ போடுகிற நாகப்பன் வாய் சும்மா இருக்காது. "அப்படியே ஆக்கிப் பொங்கியும் போட்டுச்சுன்னா பொஞ்சாதிய ஊருக்கு அனுப்பிடலாம்ணே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் நான் இதை எல்லாருக்கும் சொன்ன பிறகு, நான் பார்த்தே அறியாத ஆள் என்னிடம் வந்து சொல்கிறான் என்றால், அதில் உண்மை இல்லாமல் இருக்குமா? நாலு பேர் ஒன்றையே சொன்னால் நம்பித்தானே ஆகவேண்டும்.

சிங்காரவேலுவிடம் முதல் பெயராக என் பெயரை எழுதச் சொன்னேன். உத்திராபதி, ரோட்டோரத்து ஆறு மா. இந்த ரோட்டில் பஸ் போகிறது, ஸ்கூல் வேன் போகிறது. அந்த வண்டி இறங்கினால் முதலில் இங்கேதான் இறங்கவேண்டும், எல்லாரும் பார்க்கவேண்டும். அது நியாயம்தானே. முன்வயல்.

பின்வயல் யாருடையது என்று கேட்கவே இல்லையே நீங்கள். என் தம்பி பெண்சாதியுடையது. தையல்நாயகி. தம்பி ராசப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. வரப்பில் நடந்து போனவன், அப்படியே உட்கார்ந்தான், அவ்வளவுதான். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வந்துவிடு அம்மா, வந்துவிடு அம்மா என்று போனில் நச்சரிப்பான். இவள் கேட்கவில்லை. தனியாளாக ஐந்து மாவையும் வைத்து ஓட்டினாள். போன வருஷம் நடவு முடிந்த அன்றைக்கு என் வாசலில் நின்று சொன்னாள். "மாமா, இந்த ஒரு வெள்ளாமை பாக்குறேன். நெல்லு வீடு வந்து சேந்துச்சுன்னா இங்கயே இருந்துடுவேன். இல்லன்னா பையன்கிட்ட போயிட வேண்டியதுதான். இதுக்கு மேல அவன்கிட்ட சாக்குச் சொல்ல என்னால முடியாது." சரி என்றேன். என் வீட்டுக்காரிதான், "நீ எங்கயும் போவேணாம் புள்ள, நாங்க இல்லையா" என்றாள்.

நன்றாக விளைந்திருந்தது. என்னுடையதைவிட அவளுடையது ஒரு பிடி தூக்கலாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

தை பிறந்து பத்து பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை. பக்கத்து ஊரில் செயின் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. உங்களுடையது மாதிரிதான், பழைய வண்டி. சிங்காரவேலு போன் பண்ணி, "அண்ணே, சாயங்காலம் ஒங்க பக்கம் திருப்பி விடவா, வியாழக்கெழமை மழைங்கறான்" என்றான். பெரிய வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வரும்ணே, வந்துடும்" என்றான். எப்போது என்று சொல்லவில்லை. வரும் என்றான். நான் இரண்டு நாளில் என்று எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் தையல்நாயகி வந்தாள். நான் இங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், நீங்கள் உட்கார்ந்திருக்கிற மதகுக்கிட்டே. தலையில் ராசப்பாவின் பழைய துண்டைச் சுற்றியிருந்தாள். இடுப்பில் கருக்கரிவாள்.

"மாமா, நீங்க அறுக்கலைன்னா பரவால்ல. வரப்போரமா எட்டடி மட்டும் எனக்கு வழி விடுங்க. நானே கையால அறுத்துக்கறேன். ரெண்டு ஆளு சொல்லி வச்சிருக்கேன். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுடுவோம். அறுத்த கதிரக் கட்டி ஒங்க களத்துலயே போட்டுடறேன், ஒரு கதிர் கொறையாது."

எட்டடி. பக்கத்து ஊர்ச் செயின் வண்டி அவள் வயலுக்குள் போகிற அகலம். நான் யோசித்தேன் தம்பி, யோசிக்காமல் இல்லை. அரைகுறையாக அறுத்து, செயின் ஓடிப் பள்ளம் விழுந்த வயலில் பெரிய வண்டிக்காரன் இறங்குவானா? இறங்கமாட்டான் என்று எனக்குப் பட்டது. யாரும் சொல்லவில்லை. எனக்குப் பட்டது.

"ரெண்டு நாள் பொறு புள்ள. பெரிய வண்டி வருது. என்னுதும் ஒன்னுதும் ஒரு மணி நேரம்" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா மாமா?"

அப்படிக் கேட்டாள். சந்தேகமாகக் கேட்கவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். மூத்தவன், பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? பார்த்தேன் என்றேன். மன்னார்குடி தாண்டி ஒரு வயலில் என்றேன். எப்படி இருக்கிறது என்றாள். வாய் இருபது அடி என்றேன். அறுத்து, தூற்றி, காயவைத்து, மூட்டையாகவே இறக்குகிறது என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பார்த்தவன் என்றால் பார்த்ததாக ஒன்று சொல்லவேண்டுமே. ராசப்பா துண்டில் நீலக் கரை போட்டிருந்தது, கண்ணில் அதுதான் பட்டது. "மூட்டையை நீல நூல்ல தைக்குது புள்ள, நம்ம ஊரு மாதிரி வெள்ளச் சணல் இல்ல" என்றேன்.

ஆகட்டும் மாமா என்றாள். அரிவாளை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே வரப்பில் போனாள். சொல்லி வைத்திருந்த இரண்டு ஆளையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

அவள் நம்பவில்லை. அது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதை நான் அப்போதே கவனித்தேன். அவள் நம்பவில்லை, முன்வயல்காரன் சொல்கிறான், பின்வயல்காரி என்ன செய்யமுடியும் என்று போனாள். அதனால்தான் எனக்கு மனசில் ஒன்றும் கிடையாது. நம்பாதவளை நான் எப்படி ஏமாற்றியிருக்க முடியும்? வேண்டுமானால் அன்றைக்குச் சண்டை போட்டிருக்கலாம். என் வீட்டுக்காரியிடமும் இதைத்தான் சொன்னேன். சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள். பேச்சுதான் குறைந்துபோயிற்று.

வியாழன் ராத்திரி ஆரம்பித்து ஞாயிறு வரைக்கும் மழை. தை மாசத்தில் அப்படி ஒரு மழை. கதிர் எல்லாம் தரையோடு படுத்துவிட்டது. மழை விட்டதும் முதல் வேலையாகப் போய்ப் பின்வரப்பை மூன்று இடத்தில் வெட்டி விட்டேன். தண்ணீர் வடியவேண்டுமே. முன்வயல் காய்ந்தால்தானே வண்டி இறங்கும், வண்டி இறங்கினால்தானே அவளுக்கும் வழி. எல்லாம் அவளுக்காகவும் சேர்த்துத்தான். என்னுடையது மேட்டு வயல், நாலு நாளில் கால் வைக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. அவளுடையதில் தண்ணீர் வடியவே இல்லை. பள்ளத்து வயல். அதன் ராசி அப்படி.

எங்கே? தண்ணீரா? வேறு எங்கே போகும் தம்பி, பள்ளத்துக்குத்தான் போகும்.

பெரிய வண்டி வரவில்லை. சிங்காரவேலு போனை எடுக்கவில்லை. பத்தாம் நாள் வேறு ஒரு செயின் வண்டியைப் பிடித்து என் வயலை அறுத்தேன். பாதி தேறியது. அன்றைக்கே அவளுக்கு வழி விட்டாயிற்று, முழு வயலும் வழிதான், எட்டடி என்ன எட்டடி. டிரைவர் பின்வயலில் இறங்கிப் பார்த்தான். ஒரு கதிரைக் கையில் தூக்கினான். கதிரிலேயே முளைத்திருந்தது. பால்பல் மாதிரி, கதிர் முழுக்க வெள்ளையாக. "எதுக்குக்கா டீசலக் கெடுத்துக்கிட்டு" என்று தையல்நாயகியிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டான்.

அவள் அழவில்லை. வாத்துக்காரனைக் கூட்டி வந்தாள். உங்கள் பக்கம் வருவார்களோ என்னவோ, இங்கே அறுத்த வயலில் உதிர்ந்த நெல்லை மேய்க்க ஆயிரம் இரண்டாயிரம் வாத்து என்று ஓட்டிக்கொண்டு வருவார்கள். அறுத்த வயலில்தான் விடுவார்கள். இவள் அறுக்காத வயலில் விட்டாள். வாத்துக்காரனே கூசினான். "நெல்லு நிக்குதேம்மா" என்கிறான். "படுத்துதான கெடக்கு, விடு" என்றாள். இரண்டு நாள் மேய்ந்தது. இரண்டு நாளும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இருக்கிறதே, அத்தனை வாத்து சேற்றில் அலகைப் போட்டுச் சலசலக்கிற சத்தம், அது என் வீடு வரைக்கும் கேட்டது. மூன்றாம் நாள் பையன் வந்தான், கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது சொல்கிறேன் கேளுங்கள், என் வருத்தம் என்னவென்று. போகிறவள், வயலை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்? பக்கத்திலேயே மூத்தார் இருக்கிறேன், முன்வயல்காரன். வடிவாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பக்கிரிசாமியிடம் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் என்ன செய்தான்? வாய்க்காலில் ஆறு பனை மரத்தைப் போட்டு, அந்தப் பக்கமிருந்தே வழி பண்ணிவிட்டான். இத்தனை வருஷமாக யாருக்கும் தோன்றாத வழி. அதோடு விட்டானா, என் பின்வரப்பை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு மண்ணை அணைத்துவிட்டான். போன வாரம் பெய்த தண்ணீர் போக இடமில்லாமல் என் வயலிலேயே நிற்கிறது. கேட்டால், "அண்ணே, ஒங்க தண்ணிய நீங்க வச்சுக்கங்க" என்கிறான். இது அநியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் என்றுகூட இல்லை தம்பி. இருந்தால் நன்றாக இருக்கும். ரொம்ப நேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் கால் ஒன்று இருப்பதே தெரியாது பாருங்கள், அப்படி இருக்கிறது. கிள்ளினாலும் ஒன்றுமில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

என்ன நூல்? ஆமாம், நீல நூல். சொன்னேனே. உங்களுக்கு எப்படித் தெரியும்? பாருங்கள், பாருங்கள், அப்படியானால் அந்த வண்டி இருக்கிறது. நான் சொன்னபோது ஒருத்தனும் நம்பவில்லை. நாகப்பன் சிரித்தானே. நீங்கள் எங்கே பார்த்தீர்கள், ஆத்தூரிலா?

பார்க்கவில்லையா. கேள்விப்பட்டதா. யார் சொன்னது?

திருப்பூரில்.

சொல்லுங்கள், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சீசன் இல்லாதபோது நூல் லோடு ஓட்டுவீர்களா. சரி. பனியன் கம்பெனி வாசலில் டீக்கடை. பிசிர் வெட்டுகிற பெண்கள் வருவார்கள். சரி. அதில் ஒரு அம்மா. தையில் லாரியில் அறுப்பு வண்டி ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருவீர்கள் என்று தெரிந்ததும் கேட்டதா. என்ன கேட்டது? அப்படியே சொல்லுங்கள் தம்பி, அந்த அம்மா சொன்ன மாதிரியே சொல்லுங்கள்.

"அந்தப் பெரிய வண்டி இந்த வருசமாச்சும் எங்க ஊருப் பக்கம் வருமா? நீல நூல்ல மூட்ட தைக்குமே. எங்க மாமா கண்ணால பாத்திருக்காங்க."

எங்க மாமா கண்ணால பாத்திருக்காங்க.

அப்படியா சொன்னது. சிரித்துக்கொண்டே சொன்னதா? இல்லையா. சும்மா கேட்டதா. இன்னும் இரண்டு மூன்று டிரைவரிடமும் கேட்டிருக்கிறதா. ஆள் எப்படி, ஒல்லியாகவா? நெற்றியில் பச்சை குத்தியிருந்ததா? நீங்கள் எங்கே கவனிக்கப் போகிறீர்கள். டீ குடிக்கிற இடத்தில் யார் யாரைக் கவனிக்கிறார்கள்.

வேறு யாராவதாக இருக்கும். இந்தப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள்.

ஆனால் அந்த நூலை நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன் தம்பி. டீக்கடையில் சொல்லவில்லை, ரைஸ்மில்லில் சொல்லவில்லை. இங்கே, இந்த மதகுக்கிட்டே, ஒரே ஒரு தரம்.

நம்பியிருக்கிறாள்.

இல்லை, ஒன்றுமில்லை. வெயில்தான். நீங்கள் உட்காருங்கள்.

சத்தம் நின்றுவிட்டது, கேட்டீர்களா? கடைசிச் சுற்று முடித்துவிட்டான். பனைமரத்தைத் தாண்டி, வாய்க்கால் கரையோடு சுற்றி வர அரை மணி நேரம் ஆகும் இல்லையா? வரட்டும். லாரியில் ஏற்றவேண்டாம் என்று டிரைவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நேராக இங்கே இறக்கச் சொல்லுங்கள். பள்ளம் விழும், விழட்டும். இந்த வண்டிதான் இருக்கிறது.

மூலையா, மூலை முடிந்துவிட்டது. அதோ, அந்த அரிவாளை இப்படிக் கொடுங்கள். வண்டி வருவதற்குள் இந்த வரப்போரமாகக் கொஞ்சம் அறுக்கிறேன். வண்டிக்கு வேண்டாம்தான், எனக்குத் தெரியும். பின்னால் அறுத்தாயிற்று, இனி இந்தப் பக்கம் யாருக்கு வழி வேண்டும். சும்மாதான். எட்டடி அகலம். பொழுது சாய்வதற்குள் ஒரு ஆளால் எவ்வளவு தூரம் போகமுடியும் என்று பார்க்கிறேன்.

கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் தம்பி. அறுத்த அரியை அங்கேதான் போடவேண்டும்.